வேப்பெண்ணெய் இரண்டு தடவை அடித்தும் கத்தரியில் குருத்து வாடல், சொத்தை குறையவில்லை. எங்கே தவறு?

மேட்டுக்கொல்லை எழுதியது:

வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம், செம்மண் மேட்டுக்கொல்லை. 60 சென்ட் கத்தரி, நட்டு 50 நாள். பக்கத்திலேயே 40 சென்ட் வெண்டை, விதைத்து 28 நாள். வேலியோரப் பந்தலில் பாகலும் பீர்க்கும் கொஞ்சம்.

கத்தரியில் நுனிக்குருத்து வாடித் தலை தொங்குகிறது. முதல் பறிப்பில் பத்துக் காய்க்கு மூன்று சொத்தை. வெண்டையில் இலை ஓரம் கிண்ணம் மாதிரி மேலே வளைந்து மஞ்சளாகிறது. இலையைத் திருப்பினால் வெளிர் பச்சையாக ஒரு பூச்சி குறுக்கே ஓடுகிறது. வெள்ளை ஈயும் பறக்கிறது.

இதுவரை அடித்தது: வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, டேங்குக்கு இரண்டு பாக்கெட் ஷாம்பு. காலை 10 மணிக்கு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. கத்தரி இலையில் அங்கங்கே கருகல் வந்தது, புழு குறையவில்லை. மூன்றாவதாகக் கடையில் கொடுத்த பெவேரியா என்ற பூஞ்சண மருந்துப் பவுடர், லிட்டருக்கு 5 கிராம், அதுவும் காலையில்தான். நாசில் அடைத்து அடைத்துப் பாதி டேங்க் வீணாகிவிட்டது.

காய் உழவர் சந்தைக்குப் போகிறது. வெண்டை காய்க்கு வந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், அதில் விஷ மருந்து அடித்துவிட்டு மறுநாள் பறித்து விற்க மனம் ஒப்பவில்லை. இப்போது ஆடி மாதம், வேப்பங்கொட்டை மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. எதை, எந்த அளவில், எப்போது அடிப்பது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

நீங்கள் அடித்ததில் எதுவும் தப்பான மருந்து இல்லை. கலந்த விதமும் அடித்த நேரமும்தான் தப்பு. கூடவே, மூன்று பூச்சிக்கும் ஒன்றே போதும் என்று நினைத்ததும்.

முதலில் கத்தரி. வாடிய குருத்து ஒன்றைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பாக எச்சம் அடைந்திருக்கும், அதற்குக் கீழே வெளிர் ரோஜா நிறத்தில், தலை மட்டும் பழுப்பாக ஒரு புழு கிடக்கும். தண்டு, காய் இரண்டையும் துளைக்கிற புழு அது. முட்டையிலிருந்து வந்த பிறகு வெளியே உட்கார்ந்து இலை தின்கிற பழக்கம் அதற்கு இல்லை. சில மணி நேரத்துக்குள் குருத்திலோ பூவிலோ பிஞ்சிலோ துளை போட்டு உள்ளே போய்விடும், போன துளையும் மூடிக்கொள்ளும். காயில் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பெரிய ஓட்டை, புழு தின்று முடித்துக் கூட்டுப்புழுவாக மாற வெளியேறிய வழி. ஆகவே ஓட்டையைப் பார்த்துவிட்டு அடிக்கிற எந்த மருந்தும் அந்தக் காயைக் காப்பாற்றாது.

வேம்பு இதில் என்ன செய்யும் என்றால், தாய் அந்துப்பூச்சியை முட்டை வைக்க விடாமல் விலக்கும், முட்டையிலிருந்து வரும் பொடிப்புழு செடியைக் கடிக்க விடாமல் தடுக்கும். உள்ளே போன புழுவை அதனால் எட்ட முடியாது. அதனால்தான் நட்ட 25, 30 நாளிலிருந்து வாரம் ஒரு தடவை அடித்துக்கொண்டே வர வேண்டும். உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. இப்போது முதல் வேலை மருந்து இல்லை, கத்திரிக்கோல். வாடிய குருத்தை வாடலுக்குக் கீழே ஒரு அங்குலம் நல்ல தண்டோடு சேர்த்து வெட்டுங்கள். வெட்டியதை வரப்பில் போடாதீர்கள், உள்ளேயிருக்கும் புழு ஊர்ந்து மண்ணுக்குப் போய்க் கூடு கட்டிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு எரித்துவிடலாம். சொத்தைக்காயும் அதே பைக்குள். வாரம் ஒருமுறை, நாள் தவறாமல். இந்தப் பூச்சியின் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். நான்கைந்து வாரம் விடாமல் செய்தால்தான் அடுத்த தலைமுறை குறைவது தெரியும்.

பழைய கத்தரி மாரை, அதாவது காய்ந்த செடியை, அடுப்புக்கென்று கொல்லையோரம் அடுக்கி வைத்திருந்தால் அதை அப்புறப்படுத்துங்கள். அந்தக் கட்டிலிருந்தே அந்துப்பூச்சி கிளம்பி வரும்.

பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் பூச்சியை இழுக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதென்றால், அதற்குள் வைக்கிற வாசனைக் கட்டையை (லூர்) கத்தரித் துளைப்பானுக்குரிய லூசிலூர் என்று கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 5 பொறி என்பது பூச்சி வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும். பிடித்தே குறைக்க வேண்டுமென்றால் 10 மீட்டருக்கு ஒன்று, அதாவது ஏக்கருக்கு 40 வேண்டியிருக்கும். பொறி செடியின் தலைமட்டத்தில் தொங்க வேண்டும், செடி வளர வளர ஏற்றிக் கட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் லூரை மாற்றுங்கள்.

இனி வேப்பெண்ணெய். 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்ற பரிந்துரை இருக்கத்தான் செய்கிறது. எண்ணெய் தண்ணீரோடு சரியாகக் குழம்பாமல், 10 மணி வெயிலில் இலைமேல் துளித்துளியாக நின்றதுதான் கருகலுக்குக் காரணம். காய்கறிக்கு வாராவாரம் அடிப்பதென்றால் லிட்டருக்கு 10 மில்லி போதும். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி எண்ணெய், 50 கிராம் காதி சோப். சோப்பைச் சீவி அரை லிட்டர் வெந்நீரில் முழுக்கக் கரையுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மத்தால் கடையுங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் கெட்டியாக வரும். அதன் பிறகுதான் டேங்க் தண்ணீர். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் அந்தக் கலவையை அடிக்காதீர்கள், திரும்பவும் சோப் கரைசல் சேர்த்துக் கடையுங்கள்.

உங்களிடம் கொட்டை இருக்கும்போது எண்ணெயைவிடக் கொட்டைப் பருப்புச் சாறு மேல். அசாடிராக்டின் என்கிற சரக்கு பருப்பில்தான் நிறைய இருக்கிறது. செக்கில் ஆட்டும்போது அதில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது.

பழுத்து விழுந்த பழத்தைச் சதை நீக்கி அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் காய்ந்த கொட்டை வேலைக்கு ஆகாது. காற்றோட்டமான சாக்கில் கட்டுங்கள், பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடிக்கும். ஒரு கொட்டையை உடைத்துப் பாருங்கள்: பருப்பு வெளிர் பச்சையாக இருந்தால் நல்லது, பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் தள்ளிவிடுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் இருப்பு வைத்ததில் வீரியம் போய்விடும்.

100 லிட்டர் மருந்துக்கு 5 கிலோ பருப்பு. ஓட்டோடு இடிப்பதானால் 10 கிலோ, ஓடு ஏறக்குறைய பாதி எடை. ரவைப் பதத்துக்கு இடித்தால் போதும். மிக்ஸியில் மாவாக ஓட்டினால் எண்ணெய் கசிந்து களியாகி, தண்ணீரில் பிரியாது. இடித்ததை வெள்ளைத் துணியில் தளர்வாக மூட்டை கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் மூட்டையைத் தண்ணீருக்குள் வைத்தே பிழியுங்கள். பால் மாதிரி வரும். பால் வருவது நிற்கிறவரை பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கிக் கடைசியில் 200 கிராம் காதி சோப் கரைசலைச் சேர்க்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள்.

நேரம், மாலை மூன்றரைக்கு மேல். நம் பக்கம் கடற்காற்று மத்தியானத்தில் எழுந்து சாயங்காலம்வரை அடிக்கிறது, அதனால் 5 மணிக்குத் தொடங்குவது சௌகரியம். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். ராத்திரி முழுக்க இலையில் தங்கினால் பூச்சி தின்னும். அடித்த மறுநாள் செத்த புழுவைத் தேடாதீர்கள். தின்பது நிற்பதும், தோலுரிக்க முடியாமல் சுருங்குவதும் தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும்.

பாகூர் ஏரி எழுதியது:

கெடிலக்கரை அண்ணன் வேம்பை முழுக்கச் சொல்லிவிட்டார். நுண்ணுயிர் மருந்துகளைப் பற்றி நான் எழுதுகிறேன், பெவேரியா மேல் உங்களுக்கு வெறுப்பு வந்துவிடக் கூடாது.

கடையில் 'பயோ' என்று ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். உள்ளே இருப்பது மூன்று தனித்தனி ஜாதி. பி.டி. என்பது பாக்டீரியா. புழு அதைத் தின்ன வேண்டும், தின்றால் குடலில் உள்ள காரத்தன்மையில் அதன் படிகம் கரைந்து குடலைப் பொத்துவிடும். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைப் புழுக்களுக்கு மட்டும்தான், அதிலும் சின்னப் புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். இலைச் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி (உங்கள் வெண்டையில் குறுக்கே ஓடுவது), வெள்ளை ஈ, அசுவினி எதற்கும் ஆகாது, அவை இலையின் மேல்பரப்பைத் தின்பதே இல்லையே. கத்தரி இலையைச் சல்லடையாக்குகிற புள்ளி வண்டுக்கும் அதன் முள்ளுப் புழுவுக்கும்கூட இந்த பி.டி. ஆகாது. அதற்குக் கையால் பொறுக்குவதும் கொட்டைச் சாறும்தான்.

வாங்கும்போது 'குர்ஸ்டாகி' ரகம் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். 'இஸ்ரேலென்சிஸ்' என்று இருந்தால் அது கொசுப்புழுவுக்கானது. புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. என்ற கொசு ஆராய்ச்சி நிலையத்தில் கொசு ஒழிப்புக்காக ஆய்ந்தெடுத்த பாக்டீரியா அந்த ரகத்தைச் சேர்ந்தது. நம் ஊர்ப் பெயர் பெற்ற சரக்கு என்றாலும் கத்தரிக்கு அது பயன்படாது. பி.டி. அளவு லிட்டருக்கு 2 கிராம். வெயிலில் இரண்டு மூன்று நாளில் வீரியம் குறையும், எனவே மாலையில். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரித் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தக்காளி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சைக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ், ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸ் மருந்தை அளக்கிற அலகு), மாலையில். பச்சைக் காய்ப்புழுவின் வைரஸ் வேறு, இலை தின்கிற புரோடீனியா புழுவின் வைரஸ் வேறு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றைக் கொல்லாது. செத்த புழு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீராக வடியும். அப்படித் தொங்கினால் மருந்து பிடித்துவிட்டது.

மூன்றாவது ஜாதி பூஞ்சணம்: பெவேரியா, மெட்டாரைசியம், வெர்ட்டிசீலியம். இவற்றைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. பூஞ்சணத்தின் நுண்ணிய விதை பூச்சியின் தோலில் விழுந்து, முளைத்து, துளைத்து உள்ளே போகிறது. முளைக்க ஈரம் வேண்டும். ஆடி மாதக் காலை 10 மணிக்கு அடித்தால் அரை மணியில் இலை காய்ந்துவிடும், பிறகு எங்கே முளைக்கும்? அதனால்தான் உங்களுடையது வேலை செய்யவில்லை. பாத்திக்கு அன்று மத்தியானம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். பங்குனி, சித்திரையில் இது கஷ்டமான மருந்து. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிற நாளிலும் மார்கழிப் பனியிலும் இதைவிட நல்ல மருந்து இல்லை.

உங்கள் வெண்டைக்கு வெர்ட்டிசீலியம். லிட்டருக்கு 5 கிராம், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். லான்ஸை (தெளிப்புக் குழாயை) மேலிருந்து கீழாகப் பிடிக்காமல் செடிக்கு அடியில் விட்டு மேல்நோக்கிப் பிடியுங்கள். மேல்பக்கம் மட்டும் நனைந்தால் தத்துப்பூச்சியும் ஈயும் அடியில் குடை பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நாசில் அடைப்புக்குக் காரணம் டால்க் மாவு. 500 கிராம் பவுடரை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து அரை மணி வைத்தால் மாவு அடியில் தங்கும், விதைகள் தண்ணீரோடு மேலே இருக்கும். மேல்தண்ணீரைத் துணியில் வடித்து எடுங்கள். அடியில் தங்கியதில் இன்னும் 5 லிட்டர் விட்டுக் கலக்கி இன்னொரு தடவை வடியுங்கள். அந்த 10 லிட்டரைத்தான் 100 லிட்டராக்க வேண்டும்.

பவுடர் உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தகரக் கொட்டகைக் கடையில் கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட் வெறும் டால்க்காகத்தான் இருக்கும். லேபிளில் பதிவு எண், கிராமுக்கு எத்தனை சி.எஃப்.யூ. (உயிருள்ள விதைகளின் எண்ணிக்கை), தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் இருக்க வேண்டும். பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன் கீழ் இந்த மருந்துகளுக்கும் பதிவு கட்டாயம். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம்: முக்கால் பதம் வெந்து ஆறிய சோற்றைக் கொதிநீரில் அலசிய பாட்டிலில் ஒரு பிடி போட்டு, சிட்டிகை பவுடர் தூவி, பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். ஐந்தாறு நாளில் பெவேரியா என்றால் வெள்ளைப் பஞ்சாகப் படரும், மெட்டாரைசியம் முதலில் வெள்ளையாக வந்து பிறகு கரும்பச்சையாகும். கருப்புப் பூசணம் மட்டும் வந்தால் சரக்கு சரியில்லை. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடில்லை என்றாலும் செத்த சரக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. 'மூலிகை' என்று எழுதி, பதிவு எண் இல்லாமல் வருகிற பாட்டில், அடித்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொன்றால் சந்தோஷப்படாதீர்கள். தாவரச் சாறோ பூஞ்சணமோ இப்படி வேலை செய்யாது. உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். காயைச் சாப்பிடுகிற வீட்டில் குழந்தைகள் இருக்கும்.

மேட்டுக்கொல்லை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. குருத்தைப் பிளந்து பார்த்தேன், அண்ணன் சொன்ன அதே புழு. இரண்டு சந்தேகம்.

ஒன்று, இங்கே எல்லோரும் மூலிகைப் பூச்சிவிரட்டி ஊறவைக்கிறார்கள். அதில் புகையிலை சேர்த்தால் வேகம் என்கிறார்கள். சேர்க்கலாமா?

இரண்டு, ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. வேப்பங்கொட்டைச் சாறு, பி.டி., வெர்ட்டிசீலியம் மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையாக அடித்துவிடலாமா?

புவனகிரிக்காரன் எழுதியது:

புகையிலை வேண்டாம் தம்பி, இதில் நான் கறாராகவே சொல்கிறேன். நிகோடின் தோல் வழியே உடம்பில் ஏறும். கசிகிற டேங்கை முதுகில் சுமந்து அடிக்கிறவருக்குத் தலைசுற்றல், வாந்தி வரும். இயற்கையாகக் கிடைப்பது என்பதால் விஷம் இல்லை என்றாகிவிடாது. இன்னொரு காரணம், புகையிலையில் இருக்கிற மொசைக் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது. பதப்படுத்திய காய்ந்த இலையிலும் அது சாகாமல் இருக்கும். அந்தத் தண்ணீரை நாமே செடிமேல் தெளிப்பானேன்?

சீத்தாப்பழ விதையும் அப்படித்தான். புழுவுக்கு நல்ல மருந்து, ஆனால் அரைக்கும்போது தூள் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இலை விரட்டி ஊறவைக்க நம் ஊரில் இலைக்குப் பஞ்சமில்லை. ஆடு கடிக்காதது, உடைத்தால் பால் வடிவது, கசப்பு, நாற்றம், இந்தக் குணமுள்ள ஐந்து இலை: வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு. கடைசியாகச் சொன்னது நம் மாவட்டத்துப் பெயரையே தாங்கி வாய்க்கால் எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, இதற்காவது வெட்டுங்கள். தலா 2 கிலோ, நசுக்கிப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, 15 லிட்டர் கோமியம் ஊற்றி நிழலில் மூடிவையுங்கள். காலை மாலை குச்சியால் கலக்கிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் இலை கூழாகிவிடும். வடித்து, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டரில் தொடங்குங்கள். முதலில் நாலு செடிக்கு அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு ஒரு லிட்டர்வரை போகலாம். கோமியத்தில் உப்பு அதிகம், இளம் வெண்டை இலை ஓரம் தீய்ந்துபோகும். இது விரட்டி மட்டும்தான். ஒரு டிரம்மின் வீரியம் இன்னொன்றில் வராது. பூச்சி ஏறிவிட்ட செடிக்கு இதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கொட்டைச் சாறு கிடைக்கிற ஆடி, ஆவணியில் இதன் தேவையே குறைவு என்பது என் அபிப்பிராயம்.

கலப்பது பற்றி. வேம்பு புழுவைத் தின்ன விடாது, பி.டி.யோ புழு தின்றால்தான் வேலை செய்யும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் காலை மற்றொன்று வாரிவிடும். எண்ணெயும் சோப்பும் பூஞ்சண விதை முளைப்பதையும் கெடுக்கும். தனித்தனியாக, மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். மாங்கோசெப், கார்பன்டாசிம், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற பூசணக்கொல்லிகள் அடித்திருந்தால் ஏழு நாளாவது கழித்துத்தான் வெர்ட்டிசீலியமோ பெவேரியாவோ. முன்பு வாடலுக்கென்று ஸ்ட்ரெப்டோமைசின் அடித்தவர்கள் அதை பி.டி.யோடு கலந்து பாக்டீரியா மருந்தைத் தாங்களே கொன்றுவிட்டார்கள்.

பாகூர் ஏரி எழுதியது:

புவனகிரி அண்ணன் சொன்னதோடு டேங்க் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கை இரவல் வாங்கி வெண்டைக்கு அடிக்கவே கூடாது. ஒரு தடவை அலசினால் போகாது. வெண்டைக்கு அந்த மருந்து சுத்தமாக ஆகாது. புதுத்துளிர் விரல் விரலாகக் குறுகி, நரம்பு நெருங்கி வரும், அதைப் பார்த்துவிட்டு வைரஸ் நோய் என்று அலைவார்கள். உயிர் மருந்துக்கென்று ஒரு டேங்கைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கடலோரக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காதி சோப் நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரிந்து மிதக்கும். அதில் எண்ணெய் குழம்பாது, நாசிலும் அடைக்கும். மழைத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ பிடித்துக் கலக்குங்கள். கிடைக்காவிட்டால் சோப்புக்குப் பதிலாக ஒட்டும் திரவம், லிட்டருக்கு அரை முதல் 1 மில்லி. துணி துவைக்கிற சோப்புத் தூள் மட்டும் வேண்டாம், அதில் உள்ள சோடா இலையையும் கெடுக்கும், அசாடிராக்டினையும் சிதைக்கும்.

வெண்டையில் மஞ்சள் நரம்பு வலை போட்ட செடி தெரிகிறதா? தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய், எந்த மருந்தும் அதைத் திருப்பாது. விடியற்காலையில் ஈ மந்தமாக இருக்கும்போது பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டி எடுத்துப்போங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்கு நட்டு வையுங்கள், தூசி படிந்தால் துடைத்து மறுபடி தடவ வேண்டும்.

கெடிலக்கரை எழுதியது:

கூலிக் கவலை நியாயம்தான். வாரத்துக்கு இரண்டு நடைக்கு மேல் வராமல் இப்படி ஓட்டிப் பாருங்கள். திங்கள் காலை கத்தரியில் குருத்தும் சொத்தையும் அகற்றுவது, அன்று மாலை கத்தரி, வெண்டை இரண்டுக்கும் கொட்டைச் சாறு. இந்த வயதில் ஒரு ஏக்கருக்கு 150 லிட்டர் போதும், அதாவது ஏழரைக் கிலோ பருப்பு. வெள்ளி மாலை வெண்டைக்கு மட்டும் வெர்ட்டிசீலியம், 60, 70 லிட்டர். தத்துப்பூச்சி குறைந்துவிட்டால் வெள்ளிக்கிழமை நடையை நிறுத்திவிடலாம். வெண்டையில் காய்ப்புழு தெரிந்தால் அந்த வெள்ளிக்கிழமை பி.டி.க்கு மாற்றுங்கள். அடித்து மூன்று மணி நேரத்துக்குள் நல்ல மழை பெய்துவிட்டால் அந்த மருந்து போனது போனதுதான், மறுநாள் திரும்ப அடியுங்கள். ஆடி ஆவணியில் சாயங்கால இடிமழை நமக்குப் புதிதில்லை, மேற்கே கருத்திருந்தால் ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.

கத்தரிக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டையும் கட்டலாம். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்குக் கட்டுகிற அதே டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற பொடிக் குளவிதான், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏக்கருக்கு வாரம் 1 சி.சி. அட்டை, அதில் 20 ஆயிரம் முட்டை அளவில் இருக்கும். அட்டையை வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முட்டைகள் கருத்து, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். கருப்பு முட்டையில் பொடி ஓட்டைகள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது, வெறும் காகிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எட்டுப் பத்துத் துண்டாக நறுக்கி, வெயில் படாமல் இலையின் அடிப்பக்கம் காலையில் கட்டுங்கள். கட்டுகிற நூலில் விளக்கெண்ணெய் தடவினால் எறும்பு ஏறாது. வியாழன் கட்டினால் உங்கள் திங்கள் தெளிப்புக்கு முன் குளவி வெளியே வந்து வேலையைத் தொடங்கியிருக்கும். சோப்புத் தண்ணீர் அட்டையில் படக் கூடாது.

செடியில் வெள்ளையாக மாவு பூசிய மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே அடித்துவிடாதீர்கள், குச்சியால் தொட்டுப் பாருங்கள். கூட்டமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் மாவுப்பூச்சி. தனியாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஓடினால், மாவுப்பூச்சியைத் தின்கிற கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. அதைக் கொல்லாமல் விட்டுவிடுங்கள்.

நேரில் காட்டிக் கேட்க வேண்டுமென்றால் வாடிய குருத்தும் இலையும் பையில் எடுத்துக்கொண்டு பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்துக்கோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் இருக்கிறது.

மேட்டுக்கொல்லை எழுதியது:

திங்கள், வெள்ளி என்று எழுதி மோட்டார் கொட்டகையில் ஒட்டிவிட்டேன் அண்ணே. பந்தலை மறந்துவிட்டோம். பாகலில் பிஞ்சு கோணலாகி, உள்ளே வெள்ளைப் புழு துள்ளுகிறது. மாம்பழத்துக்கு வைக்கிற பழ ஈப் பொறி ஒன்று வீட்டில் இருக்கிறது, பத்து நாளாகக் கட்டியிருக்கிறேன், ஒன்றும் விழவில்லை. பந்தலுக்கும் திங்கள் மாலையே சாறு அடித்துவிடலாமா?

புவனகிரிக்காரன் எழுதியது:

மாம்பழப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால். பாகல், பீர்க்கு, புடலைத் தாக்குகிற ஈ அந்த வாசனைக்கு வராது, அதற்குக் கியூலூர் வேண்டும். பொறி அதே பொறிதான், உள்ளே இருக்கிற கட்டையை மட்டும் மாற்றுங்கள். ஏக்கருக்கு 10 என்பது கணக்கு, உங்கள் வேலிப் பந்தலுக்கு இரண்டு போதும். இதில் ஆண் ஈ மட்டும்தான் விழும், ஆகவே பூ எடுக்கும்போதே கட்டிவிட வேண்டும். கோணிய பிஞ்சையும் உதிர்ந்த காயையும் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் புதைத்தால் மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி ஈயாக மேலே வரும். பந்தலுக்கு அடியில் மண்ணைக் கொத்திவிட்டால் ஏற்கெனவே இறங்கிய கூட்டுப்புழு வெயிலிலும் குருவி வாயிலும் போகும்.

சாறு அடிக்கிற நேரம் இரண்டுக்கும் ஒன்றல்ல. பாகல் பூ காலையில் விரிகிறது, அதற்குத் திங்கள் மாலை சரி. பீர்க்கன் பூ விரிவதே சாயங்காலம்தான். 5 மணிக்குச் சாறும் சோப்பும் அதன்மேல் விழுந்தால் மகரந்தம் நனையும், தேனீ வராது, பிஞ்சு பிடிக்காது. பீர்க்குக்கு மட்டும் ஒரு டேங்க் சாற்றுக்கு வேண்டிய பருப்பைத் திங்கள் ராத்திரி தனியாக ஊறவைத்து, செவ்வாய் விடியற்காலையில் பிழிந்து சோப் சேர்த்து, வெயில் ஏறுவதற்கு முன் இலையின் அடிப்பக்கம் மட்டும் நனைய அடியுங்கள்.